எஸ்எம்பிஎஸ் கேபிள்கள்: எதை எங்கே மாட்டுவது, எதை மாட்டவே கூடாது

புதிதாக டெஸ்க்டாப் சேர்க்கிறவர்கள் ப்ராசஸரைப் பொருத்தத்தான் பயப்படுவார்கள். அதற்குக் கையேட்டில் படம் படமாக விளக்கம் இருக்கும், சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கை தயங்கி நிற்பது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) தொங்கும் கேபிள் கொத்தைப் பிரிக்கும்போதுதான். 4 பின் கனெக்டரிலேயே மூன்று வகை, 8 பின்னில் இரண்டு வகை, எல்லாம் ஒரே கறுப்பு. மதர்போர்டு கையேட்டில் இதற்கு ஒரு வரி, எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒரு சின்னப் படம், கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் என்று நான் அலைந்தது போதும். நீங்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளின் ஒரு முனை மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் போன்றவற்றில் போய்ச் சேருகிறது. அந்த முனைக்குப் பொதுவான தரம் இருக்கிறது. மறுமுனை எஸ்எம்பிஎஸ்ஸில் சேருகிறது. அதற்கு எந்தப் பொதுத் தரமும் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் நல்ல ஹார்டு டிஸ்க்குகள் ஒரு நொடியில் செத்துப்போகின்றன. 9ஆம் படியில் அதை விரிவாகச் சொல்கிறேன். மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1. வேலை தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டிய தாள்கள்

மதர்போர்டு கையேடு வேண்டும். பெட்டியில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயரைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். அதில் மொத்த போர்டின் படம் உள்ள பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் போதும். 24 பின் சாக்கெட்டும் சிபியு (ப்ராசஸர்) பவர் சாக்கெட்டும் எங்கே இருக்கின்றன, சிபியுவுக்கு ஒரு சாக்கெட்டா இரண்டா என்பது அதில் தெரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டுக்குள் போய்விட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. மாடல் எண், சீரியல் எண் இரண்டும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். பில்லையும் அதே நேரத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத் தாளில் அச்சான பில் நாளடைவில் வெளுத்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு 5, 7, 10 ஆண்டு வாரண்டிகூட உண்டு. அத்தனை காலம் அந்தத் தாள் தாங்காது.

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கு எத்தனை பவர் சாக்கெட், எத்தனை பின் என்று கார்டின் ஓரத்தைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கேபிள் மாட்டுவது சில நிமிட வேலைதான். அவற்றைக் கேபினெட்டின் பின்பக்கமாக இழுத்துக் கொண்டுவருவதுதான் இழுக்கும். முதல்முறை செய்கிறவர் ஒரு மாலைப்பொழுதை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது. அவசரத்தில்தான் கனெக்டரை அழுத்தித் திணிக்கத் தோன்றும்.

2. லேபிளில் பார்க்க வேண்டிய ஒரே எண்

பெட்டியில் பெரிதாக 600 வாட் என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேபிளில் 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் கணக்கு இருக்கும். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சக்தி எடுப்பது 12 வோல்ட்டிலிருந்து. 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 48 ஆம்பியர் என்றால் 576 வாட். 600 வாட் சப்ளைக்கு அது நியாயமான எண். 30 ஆம்பியர்தான் என்றால் 360 வாட். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதை 360 வாட் சப்ளையாகவே கணக்கில் எடுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு நான் போடும் கணக்கு எளிது. ப்ராசஸர் 125, கிராபிக்ஸ் கார்டு 250, மற்றவை எல்லாம் சேர்த்து 75, ஆக 450 வாட். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு 600 அல்லது 650 வாங்குவேன். கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான பொழுதில் தங்கள் அளவைத் தாண்டி இழுப்பதுண்டு. 2022இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில், மொத்த அளவின் இரு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்றே விதி வைத்திருக்கிறார்கள்.

80 பிளஸ் ஸ்டிக்கர் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும் சொல்லும். கேபிள்கள் தடிமனா, பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக இருக்கின்றனவா என்பதற்கு அது சான்று கிடையாது. விலை பார்க்கும்போது இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பெட்டிக்குள் எத்தனை கேபிள், எந்த வகை. உங்கள் கார்டுக்கு மூன்று 8 பின் வேண்டியிருக்க, எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டுதான் இருந்தால் மலிவாக வாங்கியதில் பயனில்லை.

பழைய பிராண்டட் கணினிக்கு மாற்று எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்கள், பணம் கட்டுமுன் மூடியைத் திறந்து மதர்போர்டின் முக்கிய சாக்கெட்டில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். 24 இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 6, 8, 10, 14 என்று ஏதாவது இருந்தால் அது தனி வடிவமைப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. பெட்டியின் அளவும் வேறாக இருக்கலாம். வழக்கமான ஏடிஎக்ஸ் அளவு 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். சின்ன கேபினெட்டுகளுக்கான எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம்.

3. கை வைக்குமுன் மின்சாரத்தை முழுதாக நிறுத்துவது

விண்டோஸை ஷட் டவுன் செய்தால் மதர்போர்டில் மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பிளக்கிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை ஸ்டாண்ட்பை என்ற 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் கணினி விழித்துக்கொள்வது அதனால்தான்.

பின்னால் உள்ள ஸ்விட்சை வட்டக் குறி உள்ள பக்கம் அழுத்துங்கள். கோடு உள்ள பக்கம் ஆன், வட்டம் ஆஃப். பிறகு சுவர் பிளக்கிலிருந்து வரும் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். அதன் பிறகு முன்பக்க பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடியும். போர்டில் சின்ன விளக்கு ஏதாவது எரிந்துகொண்டிருந்தால் அது அணையும்வரை காத்திருங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். சீல் கிழிந்தால் வாரண்டியும் போகும்.

பழைய, மலிவான சில எஸ்எம்பிஎஸ்களின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற பக்கம் இருக்கிறதா என்று பிளக்கில் செருகுமுன் பாருங்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் 115இல் வைத்து ஆன் செய்தால் சப்ளை வெடிச்சத்தத்தோடு போய்விடும்.

4. ஒயர்களின் நிறம்

பழைய பாணிக் கேபிள்களில் நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5. ஆரஞ்சு 3.3. கறுப்பு கிரவுண்ட், அதாவது 0 வோல்ட். ஊதா ஸ்டாண்ட்பை 5 வோல்ட், நீலம் மைனஸ் 12. பச்சை ஒயர் கிரவுண்டைத் தொட்டால் சப்ளை ஆன் ஆகும். சாம்பல் ஒயர், எல்லா வோல்டேஜும் நிலைத்துவிட்டன என்று மதர்போர்டுக்குச் சொல்கிறது.

இப்போது வரும் தட்டையான கேபிள்களில் எல்லாமே கறுப்பு. நிறத்தை நம்ப முடியாத இடத்தில் கனெக்டரின் வடிவத்தையும் அதில் அச்சிட்ட எழுத்தையும் நம்புங்கள். கனெக்டரின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சில துளைகள் நல்ல சதுரமாக இருக்கும், சிலவற்றின் இரண்டு மூலைகள் சீவியிருக்கும். சாக்கெட்டிலும் அதே அமைப்பு இருந்தால்தான் உள்ளே போகும். எதிர்ப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு அந்தத் துளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்திப் பார்க்கும் வேலையே வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும்.

5. 24 பின்: மதர்போர்டின் முக்கிய கனெக்டர்

கொத்தில் மிகப் பெரியது இதுதான், தேட வேண்டியதில்லை. போர்டின் வலது ஓரத்தில் நீளமான சாக்கெட் இருக்கும். கனெக்டரின் கிளிப்பும் சாக்கெட்டின் மேடும் ஒரே பக்கம் வரும்படி பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். இது கொஞ்சம் இறுக்கமானது. போர்டு வளைவதுபோல் தெரிந்தால் பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒரு கையால் போர்டின் ஓரத்தை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு அழுத்தினால் வளையாது. கிளிப் மேட்டைத் தாண்டி உட்காரும் சத்தம் கேட்க வேண்டும்.

பல சப்ளைகளில் இது 20, 4 என்று இரண்டு துண்டாக வரும். அந்த 4 பின் துண்டில் ஒரு பொறி இருக்கிறது. தனியாகப் பிரிந்து தொங்கும்போது அது சிபியுவின் 4 பின் கனெக்டர் மாதிரியே தெரியும். நிறமுள்ள கேபிளில் பாருங்கள்: 24இன் துண்டில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நான்கும் நான்கு நிறம். சிபியுவின் 4 பின்னில் இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு. எல்லாம் கறுப்பான கேபிளில், 20 பின் கனெக்டரோடு ஒரே கட்டில் வரும் துண்டு எதுவோ அதை வேறு எங்கும் கொண்டு போகாதீர்கள். இரண்டையும் தவாளிப்பில் சறுக்கிச் சேர்த்து, ஒன்றாக்கிய பிறகு செருகுங்கள்.

6. சிபியு பவர்: அதிகம் பேர் மறப்பது

24 ஒயர் போய்ச் சேர்ந்த பிறகு ப்ராசஸருக்கு எதற்குத் தனி கேபிள் என்ற கேள்வி நியாயமானது. அந்த 24இல் 12 வோல்ட் ஒயர்கள் இரண்டே இரண்டுதான். அவையே ஃபேன்களுக்கும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். ப்ராசஸரோ ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவில் இயங்குவது. 1.2 வோல்ட்டில் 150 வாட் என்றால் 125 ஆம்பியர். அதைத் தொலைவிலிருந்து ஒயரில் கொண்டுவர முடியாது. அதே 150 வாட் 12 வோல்ட்டில் வந்தால் 12.5 ஆம்பியர்தான். அதை ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இறக்கிக் கொடுப்பதற்காகத்தான் சாக்கெட் போர்டின் மேல் இடது மூலையில் ஒதுங்கி இருக்கிறது.

அந்த மூலைதான் தொல்லை. கேபினெட்டின் விளிம்புக்கும் கூலருக்கும் நடுவே விரல் நுழையாது. ஆகவே வரிசையை மாற்றுங்கள்: போர்டை ஸ்க்ரூ போடுமுன், அல்லது குறைந்தபட்சம் பெரிய கூலரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறுமுன், சிபியு கேபிளைக் கேபினெட்டின் பின்பக்கமாக ஏற்றி, மேல் மூலைத் துளை வழியாக இழுத்து மாட்டிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் அடியில் இருக்கும் உயரமான கேபினெட் என்றால் கேபிள் நீளம் எட்டுமா என்று வாங்குமுன்பே பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கிக்கொள்ளலாம், இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள்.

கனெக்டர் 4+4 என்று இரண்டாகப் பிரியும். போர்டில் 8 பின் சாக்கெட் இருந்தால் இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள். 4 மட்டும் இருக்கும் போர்டில் ஒரு துண்டு போதும், மற்றது சும்மா தொங்கலாம். சில போர்டுகளில் 8 பின்னோடு இன்னொரு 4 அல்லது இன்னொரு 8 இருக்கும். ஓவர்கிளாக் செய்யாத (ப்ராசஸரை அதன் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டாத) பெரும்பாலானவர்களுக்கு முதல் 8 பின்னே போதும். இரண்டாவது கட்டாயமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கூடுதல் சிபியு கேபிள் இருந்தால் மாட்டுவதில் தவறில்லை.

இதை மாட்டாவிட்டால் என்ன ஆகும்? ஃபேன் சுற்றும், விளக்குகள் எரியும், திரையில் மட்டும் எதுவும் வராது. சில போர்டுகள் ஆன் ஆகவே மறுக்கும். ரேமைக் கழற்றி மாட்டி, மானிட்டரை மாற்றி, கடைசியில் ப்ராசஸரே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் வரவில்லை என்றால் முதலில் அந்த மேல் மூலையைப் பாருங்கள்.

7. கிராபிக்ஸ் கார்டு பவர்

ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு எடுக்கக்கூடியது 75 வாட். அதற்குள் முடியும் கார்டுகளுக்குத் தனி கேபிள் வேண்டாம். அதற்கு மேல் 6 பின் சாக்கெட் ஒன்றுக்கு 75, 8 பின் ஒன்றுக்கு 150 என்று கணக்கு. இரண்டு 8 பின் உள்ள கார்டு ஸ்லாட்டையும் சேர்த்து 375 வாட் வரை எடுக்க விதியில் இடமுண்டு.

இந்த 8 பின்னையும் சிபியு 8 பின்னையும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். நிறமுள்ள கேபிளில் இரண்டையும் கையில் எடுத்து, கிளிப் உள்ள பக்கத்தைப் பாருங்கள். சிபியு கனெக்டரில் கிளிப் பக்கம் நான்கும் மஞ்சள், எதிர்ப்பக்கம் நான்கும் கறுப்பு. கிராபிக்ஸ் கனெக்டரில் நேர்மாறு: கிளிப் பக்கம் முழுக்கக் கறுப்பு, எதிர்ப்பக்கம் மூன்று மஞ்சள். ஒன்றை மற்றதில் திணித்தால் 12 வோல்ட் நேராகக் கிரவுண்டில் போய் மோதும். நல்ல சப்ளை என்றால் உடனே அணைந்துவிடும். மட்டமான சப்ளை என்றால் கார்டும் போகலாம், போர்டும் போகலாம்.

கறுப்புக் கேபிளில் அடையாளம் காண எளிய வழி, கனெக்டர் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பது. 4+4 ஆகப் பிரிந்தால் சிபியு. 6+2 ஆகப் பிரிந்தால் கிராபிக்ஸ். பெரும்பாலானவற்றில் சிபியு என்றோ, கிராபிக்ஸுக்கானதில் பிசிஐஇ என்றோ எழுதியும் இருக்கும்.

அந்தக் கூடுதல் 2 பின்னில் 12 வோல்ட் எதுவும் வராது, இரண்டுமே கிரவுண்டில் சேருபவை. வந்திருப்பது 150 வாட்டுக்கான கேபிள் என்று கார்டுக்குத் தெரிவிப்பது அவற்றின் வேலை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு 6ஐ மட்டும் மாட்டினால் கார்டு ஒப்புக்கொள்ளாது. மாட்டும்போது 6உம் 2உம் விலகாமல் விரலால் சேர்த்துப் பிடித்துச் செருகுங்கள். 2 பின் துண்டு பாதியில் தொங்குவது அடிக்கடி நடக்கிற தவறு.

ஒரே கேபிளில் இரண்டு 8 பின் தலைகள் இருப்பதுண்டு. கார்டில் இரண்டு சாக்கெட் இருந்தால் அந்த ஒரே கேபிளை வைத்து முடித்துவிடத் தோன்றும். சின்ன கார்டுக்குச் சரி. பெரிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்கள் கொண்டுவாருங்கள். கேபிள் ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது, செலவு எதுவும் இல்லை.

புதிய கார்டுகளில் வரும் சின்ன 16 பின் கனெக்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். 12 பெரிய பின், கீழே 4 பொடி பின். 600 வாட் வரை இதன் ஒன்றின் வழியாகப் போகலாம். 600 வாட் என்றால் 50 ஆம்பியர். 12 வோல்ட் பின்கள் ஆறுதான், பின் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். ஒரு பின் தாங்குவதே 9.5 ஆம்பியர் அளவில். 8 பின்னில் 150 வாட் போகும்போது பின் ஒன்றுக்கு 4.2 ஆம்பியர்தான் ஓடுகிறது. ஆகவே 8 பின் சற்றுச் சரியாக உட்காராவிட்டாலும் சமாளிக்கும், 16 பின் சமாளிக்காது. ஓரிரண்டு பின்கள் சரியாகத் தொடாவிட்டால் மற்றவற்றின் மேல் சுமை ஏறி, சூடாகி, பிளாஸ்டிக் உருகும். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இப்படி உருகியது பெரிய செய்தியானது. 2023இல் 12வி-2×6 என்ற திருத்தம் வந்தது. அதில் பொடி பின்களைக் குட்டையாக்கினார்கள். கனெக்டர் முழுதாக உள்ளே போகாவிட்டால் அவை தொடாது, கார்டும் சக்தி இழுக்காது.

கார்டைக் கேபினெட்டில் ஏற்றுமுன்பே மேசைமேல் வைத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள்; எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பது கைக்குப் பழகும். இதில் கிளிக் சத்தம் எப்போதும் தெளிவாகக் கேட்காது. கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கோடாகக்கூட இடைவெளி தெரியக் கூடாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். கனெக்டரிலிருந்து சுமார் 35 மில்லிமீட்டர் கேபிள் நேராக வந்த பிறகே வளைய வேண்டும். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு அதை அழுத்தினால் அந்தக் கேபினெட் அந்தக் கார்டுக்குப் போதாது. இதன் ஆயுள் 30 முறை மாட்டிக் கழற்றுவது என்பதே தரக்கணக்கு, விளையாட்டாகக் கழற்றி மாட்ட வேண்டாம். கார்டோடு வரும் அடாப்டரைப் பயன்படுத்தினால் அதன் ஒவ்வொரு 8 பின்னுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.

8. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி: சாட்டாவும் மோலெக்ஸும்

சாட்டா பவர் கனெக்டர் தட்டையாக, 15 பின்னோடு, ஓரத்தில் 'ட' போல வளைந்த பள்ளத்தோடு இருக்கும். வளைவு பொருந்தும் பக்கம் பார்த்து நேராகச் செருகி, நேராகவே எடுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் டிரைவின் பிளாஸ்டிக் நாக்கு உடையும். அதன்பின் டேட்டாவை எடுப்பதே பெரும்பாடு. மதர்போர்டில் நேரடியாகப் படுக்க வைத்துப் பொருத்தும் எம்.2 எஸ்எஸ்டிக்குப் பவர் கேபிளே கிடையாது, தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மோலெக்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லும் பெரிய 4 பின்னில் மஞ்சள், இரண்டு கறுப்பு, சிவப்பு என்று நான்கு ஒயர். இன்று சில ஃபேன், விளக்கு, பம்ப் இவற்றுக்குத்தான் தேவைப்படுகிறது.

அடாப்டர் வாங்கும்போது இரண்டை விலக்குங்கள். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வார்ப்பு வகை ஒன்று. அதில் ஒயர்கள் பிளாஸ்டிக்குக்குள் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும்; உள்ளே நெருங்கி உரசி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் பல. ஒயர்கள் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய, பின்பக்க மூடி கழற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்டின் 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர். சாட்டாவின் 12 வோல்ட் பின்கள் மூன்று, பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் எதிர்பார்ப்பது 75. இந்தக் கணக்கு ஒருபோதும் சரிவராது. எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின் இல்லை என்றால் அது அந்தக் கார்டுக்கான எஸ்எம்பிஎஸ் இல்லை.

9. மாடுலர் கேபிள்களைக் கலக்காதீர்கள்

வேண்டிய கேபிளை மட்டும் மாட்டிக்கொள்ளும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வசதியானது, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் சாக்கெட்டுகளில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நடுவேகூட இது மாறலாம். கனெக்டரின் வடிவமோ பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால் வேறு மாடலின் கேபிள் சொகுசாக உள்ளே போய், கிளிக் என்று உட்கார்ந்துவிடும்.

அடுத்து நடப்பது இதுதான்: டிரைவின் 5 வோல்ட் பின்னுக்கு 12 வோல்ட் போகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்கு இதில் தவறு எதுவும் தெரியாது, 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து சரியான 12 வோல்ட்தானே போய்க்கொண்டிருக்கிறது! டிரைவின் சர்க்யூட் போர்டு அந்த நொடியே போய்விடும். அந்தக் கேபிளில் நான்கு டிரைவ் இருந்தால் நான்கும் போகும். நகல் எடுத்து வைத்த டிரைவும் அதே கேபிளில் இருந்தால் அதுவும்தான். இதற்கு வாரண்டி கேட்டுப் போனாலும் பெரும்பாலும் கிடைக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்கள் ஏற்கெனவே கேபினெட்டுக்குள் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியை மட்டும் மாற்றி அதே கேபிள்களைச் செருகிவிடலாம் என்ற ஆசை வரும். செய்யாதீர்கள். எத்தனை நேரம் பிடித்தாலும் பழையவற்றை எல்லாம் உருவிவிட்டு, புதிய பெட்டியில் வந்ததை மட்டும் போடுங்கள். உருவிய கேபிள்களை அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஒரே பையில் கட்டி, மாடல் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். தனியாக ஒரு டப்பாவில் போட்டால் ஒரு வருடம் கழித்து எது எதனுடையது என்று யாருக்கும் தெரியாது.

கேபிள் தொலைந்துவிட்டால் தயாரிப்பாளரிடம் மாடல் எண், பில், சீரியல் எண் மூன்றையும் அனுப்பிக் கேளுங்கள். பலரும் தனியாகக் கேபிள் விற்கிறார்கள். எந்தக் கேபிள் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கும். வந்து சேரச் சில நாள் ஆகலாம், காத்திருங்கள். கேபிளின் விலை ஒரு டிரைவின் விலையில் சிறு பகுதிதான். அழகுக்காக நிறக் கேபிள் வேண்டுமென்றால் மாற்றுக் கேபிளைவிட எக்ஸ்டென்ஷன் வகையே பாதுகாப்பு. அதில் எஸ்எம்பிஎஸ் பக்க முனை பழையபடியே இருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்கள், அதன் சொந்தக் கேபிள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

சந்தேகமான சாட்டா கேபிள் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மாட்டி, மறுமுனையில் எந்த டிரைவும் இல்லாமல் ஆன் செய்து, மல்டிமீட்டரால் அளக்கலாம். ஒரு ஓரத்திலிருந்து 3.3, 0, 5, 0, 12 என்ற வரிசையில் மும்மூன்று பின்களாக வர வேண்டும். சில எஸ்எம்பிஎஸ்களில் 3.3 வராமல் இருப்பதுண்டு, அது பரவாயில்லை. 5 வர வேண்டிய இடத்தில் 12 காட்டினால் அந்தக் கேபிளை வெட்டி எறியுங்கள், வேறு யார் கையிலும் போகக் கூடாது.

10. முதல்முறை ஆன் செய்வது

மூடியைப் போடாமல், கேபிள்களைக் கட்டாமல், முதலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 24 பின், சிபியு, கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, கிளிப் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். மாடுலர் என்றால் எஸ்எம்பிஎஸ் பக்க முனைகளையும் தொட்டுப் பாருங்கள். எந்த ஒயரும் ஃபேன் இறக்கையைத் தொடக் கூடாது.

ஆன் செய்ததும் திரை வராவிட்டால் உடனே அணைக்காதீர்கள். டிடிஆர்5 ரேம் உள்ள போர்டுகள் முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம்கூட எடுக்கும். அதன் பிறகும் வரவில்லையென்றால் அறிகுறியை வைத்துப் போங்கள். எந்த அசைவும் இல்லை: பின்னால் உள்ள ஸ்விட்ச், சுவரிலிருந்து வரும் பவர் கேபிள், 24 பின், பிறகு கேபினெட்டின் பவர் பட்டன் ஒயர். ஃபேன் சுற்றியும் படம் இல்லை: சிபியு கேபிள். கார்டின் சாக்கெட் அருகே சிவப்பு விளக்கு: கிராபிக்ஸ் கேபிள் சரியாக உட்காரவில்லை. ஒரு நொடி ஓடி அணைந்துவிடுகிறது: எங்கோ ஷார்ட், மேலும் மேலும் பட்டனை அழுத்தாமல், டிரைவ்கள், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கேம் ஓடும்போது மட்டும் திடீரென்று அணைகிறது: 2ஆம் படியின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போது மோலெக்ஸில் அளந்து பார்க்கலாம். 12 வோல்ட் 11.4இலிருந்து 12.6க்குள், 5 வோல்ட் 4.75இலிருந்து 5.25க்குள் இருக்க வேண்டும். பச்சை ஒயரையும் கறுப்பையும் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஆன் செய்யும் சோதனை பிரபலம். அதில் ஃபேன் சுற்றினால் சப்ளை ஆன் ஆகிறது என்று மட்டும் தெரியும், சுமை ஏறினால் தாங்குமா என்பது தெரியாது.

கருகிய வாடை வந்தால் முன்பக்கப் பட்டனைத் தேடாதீர்கள். சுவர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்க வேண்டாம். ஆறிய பிறகு ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, உள்பக்கம் நிறம் மாறியிருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகிய இடத்தைச் சுரண்டாமல், துடைக்காமல் அப்படியே போட்டோ எடுத்து, லேபிள் படம், பில் இரண்டோடும் வாரண்டிக்கு அனுப்புங்கள். உருகிய கேபிளையும் சேர்த்தே கொடுங்கள். கேபிள் இல்லாமல் கார்டை மட்டும் கொண்டு போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.